ஒரு முறம் தவிட்டுக்கு ஒரு பெயர்

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கூச்சம் ஒன்றுமில்லை, அதெல்லாம் கல்யாணத்தோடு போயிற்று. எழுதினால் படிக்கிறவர்கள் பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள், விஷயத்துக்கு வருவதில்லை என்பது என் அனுபவம். ஆகவே பொருளை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரிசியைத் தீட்டும்போது உதிருமே ஒரு பழுப்பு மாவு, மாட்டுத் தொட்டியில் தண்ணீரோடு கலந்து வைப்பார்களே, அதுதான் நான். தவிடு. ஆண்பிள்ளைக்கு ஏற்றாற்போல் அதைக் கொஞ்சம் இழுத்து, மரியாதைக்குக் கடைசியில் ஒரு சாமியையும் சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் எழுதினார்கள். சாமி வந்து சேர்ந்ததால் தவிடு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மந்தைவெளியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் எனக்கு ஒரு கண்டம். புது வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டே வருவார். என் பெயருக்கு முந்தின பெயர்வரை குரல் சீராக ஓடும். பிறகு ஒரு நிறுத்தம். கண்ணாடிக்கு மேலாக வகுப்பை ஒரு பார்வை பார்ப்பார், இப்படி ஒரு பெயருக்கு எப்படிப்பட்ட முகம் இருக்கும் என்று. நான் எழுந்து நிற்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து "ம்ம்ம்மா" என்று ஒரு எருமை கத்தும். வாத்தியாரும் சிரித்துவிடுவார். ஒரு வருஷம் அந்த எருமையின் சட்டையில் ஒரு புட்டி மையையும் கொட்டிவிட்டு, அதற்கான பிரம்படியை மனநிறைவோடு வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பது எங்கள் வீட்டில் ரகசியமே இல்லை. வருகிற விருந்தாளிக்கெல்லாம் காபியோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கதை அது.

என் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சிறு பங்குதாரர். குடியிருப்பு மந்தைவெளியில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில். எனக்கு முன்னால் இரண்டு ஆண்குழந்தைகள் பிறந்தன. இரண்டுக்கும் பெரிய பெரிய சாமிகளின் பெயரை வைத்தார்கள். ஒன்று பதினோரு நாள் இருந்தது, மற்றது எட்டு மாதம். மூன்றாவதாக நான் வயிற்றில் இருந்தபோது அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். நல்ல பெயர் எமன் காதில் விழுகிறது, அதனால்தான் வருகிறான். இந்தத் தடவை பிள்ளை என்னுடையது என்றே அவனுக்குத் தெரியக் கூடாது.

அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பிறந்த பிள்ளையை வேறொருத்திக்கு விற்றுவிடுவது. வாங்குகிறவள் தவிடு கொடுத்து வாங்குவாள், தனக்குப் பிடித்த பெயரை வைப்பாள், பிறகு "என் பிள்ளையை வளர்த்துக் கொடு" என்று பெற்றவளிடமே விட்டுப் போவாள். பிள்ளை தேறியபின் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்கிற வரைக்கும் பிள்ளை வாங்கியவளுடையது. பெயரும் அவள் வைத்ததுதான்.

வாங்கியவள் தெருக்கோடியில் எருமை வைத்திருந்த பால்காரம்மா. நான் அவளைப் பெரியம்மா என்பேன். மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவள். எட்டு எருமை, நான்கு பெண்கள், பேசாத ஒரு புருஷன். தவிட்டுக்கு அவள் வீட்டைவிடப் பொருத்தமான இடம் அம்மாவுக்குக் கிடைத்திருக்காது.

பத்தாம் நாள் என்னை ஒரு முறத்தில் கிடத்தி வாசலில் வைத்தார்கள். பெரியம்மா தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறவள்போல வந்தாள். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான், ஆனால் எமன் பார்த்துக்கொண்டிருக்கிறான் அல்லவா, நடிப்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

"இன்னா தங்கச்சி, கொயந்த வெலைக்கா?"

"ஆமா யக்கா. கறுப்பா, நோஞ்சானாக் கெடக்கு. எனக்கு வேண்டாம், எடுத்துக்கிடுங்க."

பெரியம்மா குனிந்து கன்றுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாளாம். காலைத் தூக்கிப் பார்த்தாள். காதை மடக்கிப் பார்த்தாள். வாயைத் திறந்து, "பல்லே இல்லியே" என்றாள். "ஒரு மொறம் தவுடு தரேன். அதுக்கு மேல ஒரு புடி கெடையாது."

அப்பா பக்கத்தில் பேசாமல் நின்றிருக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து இரவுவரை ஜவுளிக்கடையில் பேரம் கேட்டுப் பழகிய மனுஷன். தன் மகனுக்கு இவ்வளவு குறைந்த விலை சொன்னதில் ரோஷம் வந்து, "ரெண்டு மொறமாவது கேளேன்" என்று அம்மாவிடம் முணுமுணுத்துவிட்டார். அம்மா முறைத்த முறைப்பில் கடைக்குப் போனவர், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். வியாபாரம் ஒரு முறத்துக்கே முடிந்தது. பெரியம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பெரிய எருமையை மூன்று சுற்றுச் சுற்றி, அங்கேயே பெயரையும் வைத்து, திரும்பக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டாள்.

"இந்தா, என் புள்ளைய வளத்துக் குடு. பாலு நான் ஊத்துறேன்."

சொன்னபடி ஊற்றினாள். காலையில் வளவுக்குப் பால் கொண்டுவரும்போது எனக்கென்று ஒரு பித்தளைச் செம்பு தனியாக வரும். வீட்டுப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அம்மா சொன்னால் பெரியம்மா ஒப்புக்கொள்ளவே மாட்டாள். ஆனால் என் செம்பைக் கொடுக்கும்போது, "இதுல மட்டும் தண்ணி கெடையாது, என் புள்ள பாலு" என்பாள். பிற்பாடு சர்க்கார் பால் பாட்டிலில் வர ஆரம்பித்து, மற்ற ஐந்து குடித்தனங்களும் பூத்துக்கு மாறிவிட்ட பிறகும் எங்கள் வீட்டுக்கு எருமைப்பால் நிற்கவில்லை. நான் வாட்டசாட்டமாக வளர்ந்தேன். இவ்வளவு பாலுக்கு வளராமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

அறுபதுகளின் கடைசியில் நான் மயிலாப்பூரில் கல்லூரிக்குப் போனேன். அப்போதுதான் பெயர் நிஜமாகவே உறுத்தத் தொடங்கியது. எங்கள் தெருவில் அந்தச் சமயத்தில் பிறந்த ஆண்குழந்தைகள் எல்லாம் "ஷ்" என்று முடிந்தன. பத்து வீட்டுக்கு எட்டு வீட்டில் யாராவது ஒருத்தி சாப்பிட வரச்சொல்லி ஒரு "ஷ்"ஷைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். கேட்கவே குளுகுளு என்று இருக்கும். நானும் எனக்கு அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். அந்த "ஷ்"ஷின் வாலை நீளமாக இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைப்பேன். அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரன் மோட்டார் சைக்கிள் ஓட்டுவான் என்று எனக்குத் தோன்றும். எனக்குச் சைக்கிள்கூட அப்பாவுடையதுதான்.

ஒரு நாள் கோயில் குளத்தருகே நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தேன். காலோடு ஒட்டிய பேன்ட், தலையில் நிறைய எண்ணெய், முகத்தில் நிறைய பவுடர். எதிர்ச்சாரியிலிருந்து என் பெயர் வந்தது. முழுப் பெயர்கூட இல்லை. சாமியை விட்டுவிட்டு வெறும் தவிடு. எட்டு எருமையை அதட்டிப் பழகிய குரல். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே புகுந்து பெரியம்மா வந்தாள்.

"இன்னாடா நைனா இது, காலு ரெண்டும் எரும காம்பு மாரி இறுக்கிகினு கீது? ரத்தம் ஓடுதா, ஓடலியா?" என்று நண்பர்கள் முன்னிலையில் என் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "இவன் எம் புள்ள. ஒரு மொறம் தவுட்டுக்கு வாங்கினேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முடிவு செய்தேன், இந்தப் பெயரை மாற்றியே தீருவது என்று. மாற்றுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அது எழுபதுகளின் நடுவில், கல்யாண ரூபத்தில் வந்தது.

அப்போது நான் பாண்டி பஜாருக்கு அருகே ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பெண் அபிராமபுரம். எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பந்தான், ஆனால் பெண்ணின் அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் ஒரு பாங்க்கில் வேலை பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று நான் அவளைப் பார்த்ததைவிட அவள் என்னை அதிக நேரம் பார்த்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லாம் பேசி முடித்து, நாளும் குறித்த பிறகு வருங்கால மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரொம்ப நேரம் வெயிலைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசினார். எழுந்திருக்கும்போது மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்கக் கூடாது. பத்திரிகைல மாப்பிள்ளை பேரைக் கொஞ்சம் மாத்திப் போட முடியுமா? எங்க பழைய ஆபீஸ்ல பெரிய பெரிய அதிகாரிங்க எல்லாம் வருவாங்க."

அப்பாவுக்கு முகம் சிவந்தது. எனக்கோ வந்தவர் காலில் விழலாம்போல இருந்தது. நான் "ஷ்" என்று முடிகிற என் பெயரை ஒரு நொடியில் சொன்னேன். அவருக்கும் பிடித்துவிட்டது. அப்போதுதான் சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். என் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து அவள் முகத்தில் இருந்த மிரட்சி என்ன என்று அன்று புரிந்தது.

"அது முடியாது. இவனை இன்னும் மீட்கலை."

அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தாள். காது குத்தும்போது மீட்பதாக இருந்தது; அன்று எனக்குக் காய்ச்சல். ஐந்து வயதில் மீட்பதாக இருந்தது. அந்த வருஷம் தெருவில் அம்மை. பிறகு அவளுக்குக் கை வரவில்லை. மீட்டுவிட்டால் நான் அவள் பிள்ளையாகிவிடுவேன், அவள் பிள்ளையானால் எனக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். யாரும் ஞாபகப்படுத்தாதவரை நல்லது என்று மீட்பதைப் பற்றி மட்டும் இருபத்தைந்து வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"தாலி கட்டுததுக்கு முன்னால மீட்டாகணும். மீட்ட பெறகு என்ன பேரு வேணும்னாலும் வையுங்க. மீட்காம பேரை மாத்தினா அவன் தேடிக்கிட்டு வந்திருவான்" என்றாள். அவன் என்றால் எமன்.

எமனைப் பற்றி ஓய்வு பெற்ற சர்க்கார் அதிகாரி என்ன பேச முடியும்? "சீக்கிரம் மீட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மயிலாப்பூரில் அச்சாபீஸுக்குப் போனேன். அச்சுக் கோக்கிறவர் பத்திரிகையைக் கோத்து முடித்து, மாப்பிள்ளை பெயர் வரும் இடத்தில் மட்டும் வெறும் ஈயக்கட்டையைச் சொருகி வைத்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேரு வரணும். வரலேன்னா இப்படியே அடிச்சிடுவேன். மாப்பிள்ளை யாருன்னு வர்றவங்க வந்து பாத்துக்கட்டும்" என்றார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன.

அப்பாதான் முதலில் தூது போனார். கடையிலிருந்து நல்ல சுங்குடிப் புடவை ஒன்றும், புண்ணாக்குக் கடையிலிருந்து ஒரு மூட்டைத் தவிடும் எடுத்துக்கொண்டு, ரிக்‌ஷாவில் மூட்டை மேல் உட்கார்ந்து போனார். வெள்ளை வேட்டி பழுப்பாகி, அதே மூட்டையோடு திரும்பி வந்தார்.

"தர மாட்டாளாம்" என்றார்.

"ஒரு மூட்டை கொடுத்துமா?"

"பத்து மூட்டை கொடுத்தாலும் தர மாட்டாளாம். இருபத்தஞ்சு வருஷம் பால் ஊத்தினவ கிட்ட தவிட்டைக் காட்டுறியான்னு கேட்டா."

சேலையை மட்டும் வாங்கிக்கொண்டாளாம். மகன் கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள.

மறுநாள் அம்மா போனாள். இரண்டு பேரும் எருமைத் தொழுவத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, சிரித்தபடி எழுந்தார்களாம். பிள்ளையைப் பற்றிப் பேச மறந்துவிட்டது என்றாள் அம்மா. வேண்டுமென்றே மறந்தாள் என்று நான் சத்தம் போட்டேன்.

புதன்கிழமை நானே போனேன். பெரியம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா நைனா. மாப்ள களை வந்துட்ச்சே. துன்னியா?"

"பெரியம்மா, என்னைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"ஏன், ஒனக்கு இன்னா கொற என்னாண்ட?"

"குறை ஒண்ணும் இல்ல. பேரை மாத்தணும்."

"இந்தப் பேருக்கு இன்னா கொற?"

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பின் பெஞ்சு, கோயில் குளம், வருங்கால மாமனார் எல்லோரும் சேர்ந்து என் வாயில் வந்து நின்றார்கள். "மாட்டுக்குப் போடுறது பேரா? சொல்லவே அவமானமா இருக்கு. மனுஷன் யாராவது இப்படிப் பேர் வைப்பானா?" என்று கத்தினேன்.

எருமைகூடத் தொட்டியிலிருந்து தலையை எடுத்துப் பார்த்தது. பெரியம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். எப்போதும் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள், "சரி, வெள்ளிக்கெயம காலைல வரேன். வந்து குட்த்துட்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. நான் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தெருவை நடந்து முடிப்பதற்குள் எனக்கு என் மேலேயே எரிச்சல். மறுநாள் காலையிலும் பித்தளைச் செம்பு வந்திருந்தது, பால் வழக்கம்போலக் கெட்டியாக. பெரியம்மா மட்டும் வரவில்லை, கடைசிப் பெண்ணை அனுப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வளவு முழுக்க முற்றத்தில் கூடிவிட்டது. இருபத்தைந்து வயது ஆண்பிள்ளையை மீட்பதை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. முறத்தில் உட்கார வைப்பார்களா என்று பக்கத்துக் குடித்தனத்து மாமா கேட்டார். அப்பா மூட்டையை அவிழ்த்து வைத்திருந்தார். அம்மா குளித்து, கோடிப் புடவை கட்டி, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியம்மா அப்பா கொடுத்த சுங்குடிப் புடவையில் வந்தாள். தலையில் பூ. கையில் ஒரு பழைய முறம், ஓரமெல்லாம் சாணம் மெழுகி மெழுகித் தடித்துப்போயிருந்தது. என்னைக் கிடத்திய அதே முறம். வாங்கிய அன்று தவிட்டை எங்கள் வீட்டில் கொட்டிவிட்டு, என்னை நான் கிடந்த முறத்தோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். இத்தனை வருஷமும் அதைத் தொழுவத்துச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

மீட்கிற முறை இதுதான். வாங்கியவள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ யார் பிள்ளை?" என்று கேட்பாள். பிள்ளை பெற்றவளைக் கைகாட்ட வேண்டும். உடனே தவிட்டை முறத்தில் கொட்டிவிடுவார்கள். அத்துடன் வியாபாரம் ரத்து. சின்னக் குழந்தையாக இருந்தால் கையைப் பிடித்துக் காட்ட வைப்பார்கள். நானே காட்டலாம் என்று எனக்குச் சலுகை கொடுத்திருந்தார்கள்.

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லிட்டு குட்த்துட்றேன். இவன் கேட்டான், மன்ஷன் வெக்கிற பேரான்னு. எங்க வூட்ல அரிசி இல்லாத நாளு எத்தினியோ கீது. பசங்க பட்டினி கெடந்த நாளு கீது. ஆனா தவுடு இல்லாத நாளு ஒண்ணு கூட இல்ல. எரும வாயில்லாத ஜீவன், அதுக்கு மொதல்ல வெச்சிட்டுத்தான் நாங்க துன்னுவோம். ஒனக்கு ரெண்டு போய்ட்ச்சி. இதாவது தீராம நிக்கட்டும்னு, எங்க வூட்ல எது தீராதோ அந்தப் பேர வெச்சேன். எனக்கு வேற பேரு தெரியாமலா?"

நான் அந்த முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து வருஷமாக என் பெயருக்குப் பொருள் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். சாமியெல்லாம் சேர்த்து, முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நீ யாரு புள்ள?"

அம்மா என் இடதுபக்கம்தான் நின்றிருந்தாள், கை நீட்டினால் தொடுகிற தூரம். கை எழவில்லை. நானாக யோசித்துச் சொன்னேன் என்று சொன்னால் பொய்; வாய்தான் சொல்லிற்று.

"உங்க புள்ளதான் பெரியம்மா."

முதலில் சிரித்தது அம்மா. பயந்து பயந்து இருபத்தைந்து வருஷம் வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் வெளியே வந்தது. "பாத்தீங்களா, அவனே சொல்லிட்டான், அவனே சொல்லிட்டான். யக்கா பிள்ளையாவே தாலி கட்டட்டும், எமன் வர மாட்டான்" என்று அப்பாவின் தோளில் அடித்தாள். பெரியம்மா என் தலைமயிரைப் பிடித்து உலுக்கி, "திமிர் பாரு, திமிர் பாரு" என்று அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சுங்குடிப் புடவையில் துடைத்தாள். அப்பாவுக்கு மட்டும் ஒரு கவலை.

"அப்ப இந்த மூட்டையை என்ன செய்ய?"

"எரும துன்னும். தூக்கினு வா" என்றாள் பெரியம்மா.

அபிராமபுரத்துக்கு நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிளை மிதித்தபடியே மூன்று விதமாகப் பேசிப் பார்த்தேன். வருங்கால மாமனார் முன்னால் உட்கார்ந்ததும் மூன்றும் மறந்துபோய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றினார்.

"அப்ப பேரு?"

"அதே பேருதான் சார்."

அவர் பெருமூச்சு விடுவதற்குள் உள்ளேயிருந்து பெண்ணே வந்துவிட்டாள். அன்று பாங்க்குக்கு லீவு போட்டிருந்தாள்.

"அப்பா, எங்க பாங்க்ல எல்லார்கிட்டயும் இந்தப் பேரைத்தான் சொல்லி வச்சிருக்கேன். ஒரு வாரமா எல்லாரும் சிரிச்சு முடிச்சிட்டாங்க. இப்ப வேற பேர் போட்டா, மாப்பிள்ளையையே மாத்திட்டீங்களான்னு கேப்பாங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த எருமையை நான் பாக்கணும்" என்றாள்.

அச்சாபீஸை ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ப் பிடித்தேன். ஈயக்கட்டையை உருவிவிட்டு என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கோத்தார் அவர். கோத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்து, "பேருக்கு என்ன சார், நல்லாத்தானே நிக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போட முடியுமா என்று கேட்டேன்.

கல்யாணம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மண்டபத்தில். மாமனாரின் அதிகாரிகள் வரிசையாக வந்தார்கள். பத்திரிகையைப் படித்துவிட்டு வந்திருந்த ஒருவர் என் கையைக் குலுக்கி, இந்தப் பெயருக்கு ஏதாவது விசேஷக் காரணம் உண்டா என்று கேட்டார். மேடை என்றுகூடப் பார்க்காமல் முறத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். சாஸ்திரிகள் அதட்டி என்னை மணையில் உட்கார வைத்தார்.

தாலி கட்டி முடித்ததும் பாலும் பழமும் கொடுக்கிற நேரம் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் வரட்டும் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அம்மா எழுந்தாள். மேடைக்கு வரவில்லை, மூன்றாம் வரிசையில் நான்கு பெண்களோடு உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க குடுங்க யக்கா. உங்க பிள்ளைல்லா."

பெரியம்மா மடியில் மறைத்து வைத்திருந்த பித்தளைச் செம்பை எடுத்தாள். மண்டபத்துப் பால் வேண்டாம் என்று அன்று காலை கறந்த பாலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். எனக்குக் கொடுத்தாள். பிறகு என் மனைவியின் வாயருகே செம்பைக் கொண்டுபோய், நடுவில் நிறுத்தினாள்.

"தோ பாரு கண்ணு, இவன நான் தவுட்டுக்கு வாங்கினேன். இப்ப ஒனக்கு சொம்மா குடுக்கிறேன். அப்பால வேணாம்னு திருப்பிக் கொண்டாந்தா வாங்க மாட்டேன், ஆமா."

என் மனைவி செம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். மேலுதட்டில் பால் நுரையோடு நிமிர்ந்து, அத்தனை அதிகாரிகளுக்கும் கேட்கும்படி என் பெயரை முழுசாகச் சொன்னாள்.

"இவரைத் திருப்பிக் கொண்டு வர மாட்டேன், அத்தை."